மூச்சுக்கு மூலிகைக் காற்று

முத்துலட்சுமி கதவைத் தட்டியபோது ஹைருன் பீவி திறக்கவே இல்லை. முகக்கவசத்தைக் கண்ணுக்கு அடி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாக, "எங்க வீட்ல யாருக்கும் காய்ச்ச இல்ல முத்துலட்சுமி, நீ அடுத்த வீட்டப் பாரு" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் உள்ளறையில் மருமகள் சஃப்ரின் இருமவும் சரியாக இருந்தது.

வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க அரசாங்கம் அனுப்பியிருந்த பெண்களில் முத்துலட்சுமியும் ஒருத்தி. தென்காசியில் அதே தெருவின் கடைசி வீட்டுக்காரி. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

"யாருக்கா அது இருமுதது?"

"டிவி."

"டிவில இருமுத நாடகமாக்கா ஓடுது?"

"நியூஸ்மா. ஊரே இருமுது, அவன் மட்டும் பாட்டா போடுவான்?"

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. "என் நம்பர் ஒங்ககிட்ட இருக்குல்லா. எந்நேரம்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். ஹைருன் பீவி ஜன்னலைச் சாத்தினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

ஆனால் உண்மையை எப்படிச் சொல்ல? போன வருஷம் பின்தெருவில் ஒருத்தருக்குக் கொரோனா வந்ததென்று தெருவாசலில் தகரம் வைத்து அடைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரர் குணமாகி வந்த பிறகும் மாதக்கணக்கில் யாரும் அவர் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் கணவர் முகம்மது சலீமின் அண்ணன் மைதீன், சித்திரை வெயிலில், தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, "ரெண்டு நாள்ல வந்துருவேன், கோழிக்குத் தண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனவர். திரும்பி வந்தது பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு நீளமான பொட்டலம். முகம் பார்க்க விடவில்லை. குளிப்பாட்ட விடவில்லை. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு போட்ட பையன்கள் குழிக்குள் கயிற்றில் இறக்கினார்கள். குடும்பத்தில் எந்த ஆணுக்கு மவுத்து வந்தாலும் தன் கையால் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி அனுப்பி வைக்கிறவர் சலீம். கூடப்பிறந்த அண்ணனுக்கு மட்டும் கபுருஸ்தான் சுவருக்கு வெளியே நின்று துஆ கேட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற பேச்சு எடுத்தாலே ஒரே பதில்தான்.

"உள்ள போறது நடந்து. வெளிய வாரது பொட்டலமா."

இந்த நிலையில்தான் நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் சஃப்ரினுக்குக் காய்ச்சல் வந்தது. மகன் உவைஸ் ஷார்ஜாவில். அவனிடம் "சாதா சளிதான், மழைத்தண்ணி பட்டுட்டா" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மெடிக்கல் கடை பால்வண்ணநாதன் அண்ணாச்சி, டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல், ஊருக்கெல்லாம் கொடுக்கிற அதே மாத்திரைக் கட்டைக் கொடுத்தார். கபசுரக் குடிநீர், நொச்சித்தழை ஆவி, மிளகுக் கஷாயம் என்று நடந்தது. காய்ச்சல் குறைகிற மாதிரி குறைந்து, மறுபடி ஏறியது.

முத்துலட்சுமி வந்துபோனதைக் கேட்டதும் சலீம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"நாளைக்கும் வருவா. இங்கன வச்சிருந்தா சரிப்படாது. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். நம்ம லாட்ஜு சும்மாதான கெடக்கு."

"லாட்ஜுலயா? அங்கன டாக்டர் கூட இல்லியே."

"டாக்டர் என்னத்துக்கு? சாரல் ஆரம்பிச்சிட்டு. மலைல இருந்து இறங்குத காத்துல என்னென்ன மூலிகை இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? நெஞ்சுச் சளிக்காரன் எத்தனை பேரு நம்ம லாட்ஜுல வந்து தங்கி, தெளிஞ்சு போயிருக்கான்? அந்தக் காத்துக்கு மிஞ்சி இவனுவ சிலிண்டர்ல என்ன அடைச்சு வச்சிருக்கான்?"

ஹைருன் பீவிக்கும் அது உண்மை மாதிரிதான் பட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது. குற்றாலக் காற்று குடித்தால் நோய் போகும் என்பதை இந்தப் பக்கத்தில் யார் மறுத்துப் பேசுவார்? மறுநாள் காலையில், ஊரடங்கில் கடை திறக்க விட்டிருந்த நேரத்தில், காரின் பின்சீட்டில் சஃப்ரினைப் படுக்க வைத்துப் போர்வையைப் போர்த்திக் கூட்டிப் போனார்கள். வழியில் நிறுத்திய போலீஸ்காரரிடம் சலீம், "லாட்ஜு மோட்டார் ஓடல சார், ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்" என்றார். ஹைருன் பீவி பின்சீட்டுப் பக்கம் திரும்பாமல் 'இருமிராத புள்ள, இருமிராத' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குற்றாலத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அருவியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, ஆள் சத்தம் இல்லை. அருவிக்குப் போகிற பாதையில் போலீஸ் தடுப்பு. ஈரத் துண்டோடு போகிற ஒரு தலை கிடையாது. சிப்ஸ் கடை, பழக்கடை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. கடைக் கூரைகளில் குரங்குகள் மட்டும் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தன.

லாட்ஜில் ஆறே அறைகள். மாடியில் மலையைப் பார்த்த அறையில் சஃப்ரினைப் படுக்க வைத்தார்கள். சலீம் ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். "நல்லா இழுத்து விடு புள்ள. ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடிருவ." சாரல் காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது. சஃப்ரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "குளுருது மாமி" என்றாள்.

லாட்ஜின் பின்கட்டில் பலவேசம் இருந்தான். சீசனில் அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அருவியை மூடியதிலிருந்து வேலை இல்லை. ஊருக்குப் போகவும் பஸ் இல்லை. சலீமுக்கும் அவனுக்கும் கீழே வராந்தாவில் பேச்சு நிற்காது. முகக்கவசம் இருவருக்குமே தாடையில்தான் இருக்கும். ஹைருன் பீவி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். மேலே மருமகள் மூச்சு, கீழே இவர்கள் பேச்சு.

"மொதலாளி, ஓட்டு கேட்டு வந்தப்ப லாரி லாரியா ஆள் ஏத்திட்டு வந்தானுவ. அப்ப எங்க போச்சு கொரோனா? லீவுல போயிருந்துச்சா?"

"அதக் கேளு."

"சாராயக்கடையத் தொறந்து வச்சிட்டு மொதல்ல அருவியல்லா மூடினான். எண்ணெயத் தேச்சு அருவில நின்னா எந்தக் கிருமி நிக்கும்? வழுக்கிட்டுப் போயிராது?"

படியில் இருந்தபடியே ஹைருன் பீவி சொன்னாள்: "ஏ பலவேசம், நீ பேசுறதுன்னா மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்திட்டுப் பேசு. தாடைக்கு என்ன காய்ச்சலா அடிக்கு?"

"மாஸ்க்கு போட்டா மூச்சு முட்டுது அம்மா."

"மேல ஒருத்தி மாஸ்க்கு போடாமலே மூச்சு முட்டிக் கெடக்கா."

சலீம் யாரையும் பார்க்காமல், "எங்க அண்ணன் ரெண்டு மாஸ்க்கு போட்டான்" என்றார். ஹைருன் பீவிக்கு அந்தக் குரலைக் கேட்டதும் வாதாட வாய் வரவில்லை. அவர் முட்டாள் இல்லை. பயந்துபோன மனுஷன். தன் பயத்தைச் சொல்லத் தெரியாமல் கவர்மென்டைத் திட்டுகிற மனுஷன்.

பெருநாளுக்கு முன்பு உவைஸ் ஒரு கூட்டாளியிடம், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற அந்தச் சின்ன மிஷினைக் கொடுத்து அனுப்பியிருந்தான். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். லாட்ஜுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் சஃப்ரின் விரலில் மாட்டினால் எண்பத்தொன்பது என்று காட்டியது. எடுத்துத் துடைத்துவிட்டு மாட்டினாள். எண்பத்தெட்டு.

ஹைருன் பீவி படியில் இறங்கி ஓடினாள். சலீம் மிஷினை வாங்கித் தட்டிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துக் குடும்பக் குரூப்பில் வந்திருந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு டாக்டரம்மாவாம். மருதாணி போட்ட விரலில், நெயில் பாலிஷ் போட்ட விரலில் இந்த மிஷினை மாட்டாதீர்கள், தப்பாகக் காட்டும் என்றது அந்தக் குரல்.

"கேட்டியா? மருதாணி வச்சுப் பெருநாளு கொண்டாடிட்டு மிஷினப் போயி நம்புத. தப்பாக் காட்டுது. ஒண்ணுமில்ல."

ஹைருன் பீவி மூச்சு விட்டாள். ஆமாம், மருதாணி! பெருநாளைக்கு முந்தின ராத்திரி சஃப்ரின் இலையை அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டாள். கால் விரலையும் விடவில்லை. நகமெல்லாம் இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது. ஹைருன் பீவி மாடிக்குப் போய், "மருதாணிதானாம் புள்ள, பயப்படாத" என்று சிரித்துச் சொன்னாள். சஃப்ரினும் சிரிக்கப் பார்த்தாள். அன்று முழுக்க அவர்கள் மிஷினைத் தொடவில்லை. பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

மறுநாள் மத்தியானம் சலீம் சாப்பாடு எடுத்து வர லாட்ஜு ஸ்கூட்டரில் தென்காசிக்குப் போயிருந்தார். சஃப்ரின் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தாள். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் எவ்வளவு தூரம்? அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நிறம்.

"மாமி... எனக்கு... ஒரு மாதிரி..."

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. திரைச்சீலை பறக்கிற அளவுக்குக் காற்று. இவ்வளவு காற்றுக்கு நடுவில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாளே! ஹைருன் பீவி அவளைக் கட்டிலில் உட்கார்த்தி மிஷினை மாட்டினாள். எண்பத்திரண்டு.

மருதாணி. மருதாணிதான் இது. தப்பாகக் காட்டுகிறது. மனசு அதையே பிடித்துத் தொங்கியது.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மிஷினைப் பிடித்திருந்த விரல்களில், நகம் முழுக்க, அதே கருஞ்சிவப்பு. அதே ராத்திரி, அதே அம்மியில் அரைத்ததில் மிச்சத்தை வழித்து, "ஒங்களுக்கும் மாமி, நீட்டுங்க கைய" என்று சஃப்ரின்தான் அவளுக்கும் தொப்பி வைத்துவிட்டாள்.

மிஷினைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். யா அல்லாஹ், எனக்கும் எண்பத்திரண்டு காட்டு. தப்பாகவே காட்டு.

திறந்து பார்த்தால் தொண்ணூற்றெட்டு.

வேறு விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. ஒரே மருதாணி, ஒரே மிஷின். ஹைருன் பீவிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நேற்று ஒரு பகல் முழுக்க வீணாகப் போயிருந்தது.

சலீமுக்குத்தான் முதலில் போன் போடக் கை போனது. போட்டால் வேண்டாம் என்பார். அண்ணனைச் சொல்வார். அவர் அண்ணனைச் சொன்னால் இவளுக்கு மறுத்துப் பேச வராது. போனைக் கீழே வைத்தாள். பிறகு, இந்த நாலைந்து நாளில் யாருமே கேட்காத ஒன்றைக் கட்டிலில் இருந்தவளிடமே கேட்டாள்.

"புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போவமா? ஒனக்குப் பயமா இருந்தா சொல்லு."

"பயமாத்தான்... இருக்கு மாமி." சஃப்ரின் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆனா... மூச்சு வேணும்."

ஹைருன் பீவி முத்துலட்சுமியைக் கூப்பிட்டாள்.

"முத்துலட்சுமி, நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்மா. டிவி இல்ல. என் மருமவதான். குத்தாலத்துல லாட்ஜுல வச்சிருக்கோம். எண்பத்திரண்டு காட்டுது. தெருவுக்குத் தகரம் அடிக்கணும்னா அடிச்சுக்கோ, என்னைய ஜெயில்ல வேணும்னாலும் போடு..."

"எக்கா, எக்கா! தகரம் அடிச்சதுல்லாம் போன வருசம்க்கா. அதுக்குப் பயந்தா குத்தாலத்துக்கு ஓடுனீங்க? கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு?" முத்துலட்சுமி போனிலேயே கத்தினாள். அடுத்த மூச்சில் குரல் மாறியது. "அவளக் குப்புறப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு அடில தலைகாணி குடுங்க. நான் நூத்தியெட்டுக்குச் சொல்லுதேன். லாட்ஜு பேர மட்டும் சொல்லுங்க, வெரசா."

ஆம்புலன்ஸ் வந்தபோது தூக்குவதற்கு ஆள் போதவில்லை. கீழே நின்ற பலவேசம், யாரும் சொல்லாமலே, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு மாடிக்கு வந்து ஒரு பக்கம் பிடித்தான். வண்டிக்குள் சஃப்ரின் முகத்தில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டினார்கள். சைரன் சத்தத்துக்கு நடுவில் ஹைருன் பீவி ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, மறைத்து வைத்திருந்ததையெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. இவர்கள் வண்டிக்கு முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்க்க ஹைருன் பீவிக்குத் தைரியம் இல்லை. குழாய் வழியாக உஸ்ஸென்று காற்று போகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அது நின்றுவிடக் கூடாதென்று ஓதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு படுக்கை கிடைத்தது. தள்ளுவண்டியில் சஃப்ரினை உள்ளே கொண்டுபோனார்கள். கூட யாரும் வரக் கூடாது என்று கதவு சாத்தப்பட்டது.

சாயங்காலம் சலீம் ஸ்கூட்டரில் வந்தார். லாட்ஜுக்குப் போய், பலவேசம் சொல்லிக் கேட்டு, அங்கிருந்து நேராக வந்திருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கு இன்னும் வண்டியிலேயே தொங்கியது. ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பமரத்தடியில், ஆள் ஆளுக்குத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, எதிரில் வந்து நின்றார்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா உவைசுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"அவன்கிட்ட சொல்லிட்டேன்."

சலீம் அதிர்ந்துபோனார். "என்ன சொன்னான்?"

"திட்டல. அழுதான். பொறவு, 'உம்மா, வண்டி வேகமாப் போவுதா'ன்னு கேட்டான்."

சலீம் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த முற்றத்தில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. உள்ளே இருக்கிறவர் பெயரைச் சொல்லி, கூட வந்தவர்களைக் கூப்பிடும். இவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெயர் கூப்பிட்டார்கள். சுரண்டைக்காரப் பொம்பிளை ஒருத்தி எழுந்து போனாள். போன வேகத்தில் அவள் போட்ட சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு ஒலிபெருக்கி கரகரத்தாலே எல்லோரும் மண்ணைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அது கரகரத்தது.

"சஃப்ரின் கூட வந்தவங்க. சஃப்ரின். தென்காசி."

சலீம் எழுந்திருக்கப் பார்த்தார். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போ. என்னால ஆவாது ஹைருன். பொட்டலமாப் பாக்க என்னால ஆவாது."

ஹைருன் பீவி போனாள். எப்படி நடந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாசலில், முகம் தெரியாத வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் நின்றாள். அவள் ஏதோ சொன்னாள். ஹைருன் பீவிக்குக் காதில் விழவில்லை.

"உசுரோட இருக்காளாம்மா?"

"என்னம்மா நீங்க? உசுரு இல்லாமயா அந்தப் பொண்ணு சார்ஜர் கேக்குது? போன்ல சார்ஜ் இல்லியாம். ஒரு சார்ஜர், சோப்பு, மாத்துத் துணி, தண்ணி பாட்டில். எல்லாத்துலயும் பேரு எழுதிக் குடுங்க."

"சரியாயிருவாள்லா?"

நர்ஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆக்ஸிஜன் போவுது. இப்ப தொண்ணூறு. ரெண்டு மூணு நாள் போவட்டும்மா, அதுக்கு முன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பிந்தித்தான் வந்திருக்கீங்க" என்றாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ஹைருன் பீவி திரும்பி வந்தபோது சலீம் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். அவள் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"சார்ஜர் கேக்குதாளாம்."

அவர் கையை எடுத்துவிட்டு, புரியாமல் பார்த்தார். பிறகு முகம் கோணிக்கொண்டு போனது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தது. சட்டென்று எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் துழாவினார்.

"எந்தச் சார்ஜரு? முனை தட்டையா இருக்குமே அதா, உருண்டை மாதிரி இருக்குமே அதா?"

"எனக்கு என்ன தெரியும்? ரெண்டையும் எடுத்துட்டு வாங்க."

அவர் நாலடி போயிருப்பார். ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. சலீம் நின்றார். ஹைருன் பீவியும் நின்றாள். கூப்பிட்ட பெயர் இவர்களுடையது இல்லை. வேப்பமரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்து, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் உள்ளே போகும் வரைக்கும் முற்றத்தில் ஒருத்தரும் அசையவில்லை.